குடித்துவிட்டு அடித்தால் தண்டனை கூட வேண்டுமா, குறைய வேண்டுமா?

வெளிச்சம் எழுதியது:

போதையில் மனைவியின் கையை முறித்தவர், எதிரே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த நண்பனையே பாட்டிலால் குத்தியவர், சம்பந்தமே இல்லாமல் தெருவில் போனவரைத் தள்ளி மண்டையை உடைத்தவர் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், வழக்கு தண்டனைக் கட்டத்துக்கு வந்ததும் அதே பல்லவிதான். "அன்றைக்கு அவர் நிதானத்தில் இல்லை ஐயா, குடிக்காத நேரத்தில் தங்கமான மனுஷன்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அடி விழுந்தது குடித்த நேரத்தில்தானே? அடி வாங்கியவருக்கு அந்தத் தங்கமான நேரத்தால் என்ன பயன்?

என் கருத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். போதை ஒருநாளும் தண்டனையைக் குறைக்கும் காரணமாக இருக்கக் கூடாது. அதே சமயம், குடித்திருந்தார் என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இரட்டிப்புத் தண்டனை கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. குடித்தால் தான் கை நீட்டுவோம் என்பது இவருக்கு முன்பே தெரியுமா, தெரிந்தும் அன்றைக்கு முதல் கிளாஸை எடுத்தாரா என்பதைத்தான் நீதிபதி முதலில் பார்க்க வேண்டும். முதல் கிளாஸை எடுக்கும்போது எல்லோரும் நிதானமாகத்தான் இருக்கிறார்கள். குற்றத்தின் கனம் அந்த இடத்தில் இருக்கிறது, அதற்கு இரண்டு மணி நேரம் கழித்துக் கண்மண் தெரியாமல் ஆடியதில் அல்ல.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும், குறிப்பாகச் சட்டம் தெரிந்தவர்கள்.

---

கருப்பு அங்கி எழுதியது:

பலர் நினைப்பது போல் போதையைச் சட்டம் சாக்காக ஏற்பதில்லை. இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்தின் 85, 86 பிரிவுகள்தான் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 23, 24 பிரிவுகளாக இருக்கின்றன. எண் மாறியதே தவிர விஷயம் பழையதுதான். ஒருவருக்குத் தெரியாமலோ அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதைப்பொருள் கொடுக்கப்பட்டு, அதனால் தான் என்ன செய்கிறோம் என்றே அறிய முடியாத நிலைக்கு அவர் போயிருந்தால் விலக்கு உண்டு. தானாகக் குடித்தவருக்கு அந்த விலக்கு கிடையாது. குடிக்காமல் இருந்திருந்தால் அவருக்கு என்ன தெரிந்திருக்குமோ அது குடித்தபோதும் தெரிந்திருந்ததாகவே வைத்துக்கொள்ளப்படும். இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட இதே வழிதான். 1976-ல் மஜெவ்ஸ்கி வழக்கில், மதுவிடுதியில் அடிதடி செய்துவிட்டு மதுவாலும் மாத்திரைகளாலும் தனக்கு எதுவும் தெரியவில்லை என்று சொன்னவரின் வாதத்தை, அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. கொலை போல ஒரு குறிப்பிட்ட நோக்கத்தை நிரூபித்தே ஆக வேண்டிய குற்றங்களில் மட்டும் போதை பேச்சுக்கு வரலாம், சாதாரணத் தாக்குதல் வழக்குகளில் வராது என்பது அங்குள்ள நிலை.

ஆனால் வெளிச்சம் சொல்லும் ஆதங்கத்தில் உண்மை இருக்கிறது. 1956-ல் இந்திய உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த பாஸ்தேவ் வழக்கைப் பாருங்கள். ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் ஒருவர், கல்யாண விருந்தில் நன்றாகக் குடித்திருந்தார். உட்கார்ந்திருந்த ஒரு சிறுவனைத் தள்ளிப் போகச் சொன்னார். அவன் நகரவில்லை. துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிட்டார், பையன் இறந்துவிட்டான். அவர் சில நேரம் தள்ளாடினாலும் தானாக நடக்கவும் தெளிவாகப் பேசவும் முடிந்தது, சுட்டதும் தப்பி ஓடப் பார்த்தார், ஆகவே நோக்கம் இல்லாத அளவுக்குப் போதை இல்லை, இது கொலைதான் என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அதுவரை சரி. ஆனால் தூக்கா ஆயுளா என்ற கட்டத்தில், முன்பகை இல்லை, குடியின் பிடியில் இருந்தார் என்பதையெல்லாம் பார்த்துக் குறைந்த தண்டனையே கொடுக்கப்பட்டிருந்தது. தூக்குத் தண்டனை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நான் காட்ட விரும்புவது, குற்றமா இல்லையா என்ற முன்வாசலில் விரட்டப்பட்ட குடி, எத்தனை வருடம் என்ற கொல்லைப்புற வழியாக உள்ளே வந்துவிடுகிறது என்பதைத்தான். கீழ் நீதிமன்றங்களில் சத்தமில்லாமல் நடப்பதும் இதுதான். தண்டனை எவ்வளவு என்று கேட்கும் நேரத்தில் "குடும்பத் தலைவர், குடிப்பழக்கம் உள்ளவர், வேண்டுமென்று செய்யவில்லை" என்று மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்வார்கள். எதிர்த்து வாதிட அரசுத் தரப்பில் பெரும்பாலும் ஆர்வம் இருக்காது.

---

தராசுமுள் எழுதியது:

இதற்குத்தான் நீதிபதியின் கையில் விடவே கூடாது என்கிறேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2014-ல் என்ன செய்தார்கள்? இரவு விடுதிப் பகுதியில் ஒரே குத்தில் இளைஞர்கள் செத்துப்போய் ஊரே கொதித்தபோது புதிய சட்டம் வந்தது. வயதுவந்த ஒருவர் போதையில் இன்னொருவரைத் தாக்கி, அதனால் சாவு நேர்ந்தால் அதிகபட்சம் 25 வருடம், குறைந்தபட்சம் பரோல் இல்லாமல் 8 வருடம். நிதானமாக இருந்து அதே குற்றம் செய்தால் அதிகபட்சம் 20. தானாக ஏற்றிக்கொண்ட போதையைத் தண்டனைக் குறைப்புக்குக் காரணமாக எடுக்கவே கூடாது என்றும் தனியாக எழுதிவைத்தார்கள். எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். குடித்தாயா, கைவைத்தாயா, உள்ளே போ. இதில் வெளிச்சம் சொல்வது போல "முன்பே தெரியுமா தெரியாதா" என்ற ஆராய்ச்சியெல்லாம் எதற்கு? குடித்தால் மனிதன் மூர்க்கமாவான் என்று தெரியாதவர் உலகத்தில் யார்?

---

வெளிச்சம் எழுதியது:

தராசுமுள், குறைப்புக்குக் காரணமாகக் கூடாது என்ற பகுதியை அப்படியே ஏற்கிறேன். எல்லா நாட்டிலும் அதை எழுதிவைக்கலாம். குறைந்தபட்ச 8 வருடத்தில்தான் எனக்குச் சிக்கல்.

ஒரு குத்தில் சாவு என்பது பெரும்பாலும் குத்தினால் வருவதில்லை, விழுந்து தலை தரையில் மோதுவதால் வருவது. வாழ்நாளில் ஒருமுறைகூட யார் மேலும் கைவைக்காத ஒருவர் அன்றைக்கு வாக்குவாதத்தில் தள்ளிவிட்டதும், வாராவாரம் குடித்துவிட்டு வம்புக்கு இழுத்து ஏற்கெனவே நான்கு பேர் பல்லை உடைத்தவர் ஐந்தாவது ஆளைக் கொன்றதும் ஒரே தராசில் ஏறுகின்றன. இரண்டிலும் ஓர் உயிர் போயிருக்கிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டாவது ஆள் என்ன ஆகும் என்று தெரிந்தே குடித்தார்.

இன்னொன்று, சாவு நேராத நூற்றுக்கணக்கான வழக்குகளை அந்தச் சட்டம் தொடுவதே இல்லை. விலா எலும்பு முறிந்தால்? காது கேட்காமல் போனால்? செத்தால்தான் கண்டிப்பு என்றால், அதுவரை அந்த ஆள் பழகிக்கொண்டே இருப்பார், யாரும் கேட்க மாட்டார்கள்.

---

நைட் டூட்டி எழுதியது:

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவள் நான். சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் நீதிமன்றத்தில் அடிக்கடி சொல்லப்படும் "எனக்கு எதுவுமே நினைவில்லை" என்ற பேச்சைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

வேகமாக நிறையக் குடித்தால் நினைவு அறுந்துபோவது உண்மைதான், நடிப்பு என்று எல்லா நேரமும் சொல்ல முடியாது. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, நடக்கும் விஷயங்களைப் பதிந்து வைக்கும் வேலையை அப்போது நிறுத்திவிடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் அந்த ஆள் மயங்கிக் கிடப்பதில்லை. பேசுவார், பணம் எண்ணிக் கொடுப்பார், வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேருவார், கேள்வி கேட்டால் பதில் சொல்வார். மறுநாள் நினைவு இருக்காது, அவ்வளவுதான். அதாவது மறுநாள் நினைவில்லை என்பதை வைத்து, அந்த நேரத்தில் தெரியாமல் செய்தார் என்று முடிவுகட்ட முடியாது. இரண்டுக்கும் மருத்துவ ரீதியாக நேரடித் தொடர்பே இல்லை. நினைவில்லை என்று ஒருவர் அழுதால் அது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் கை ஓங்கும்போது எதிரே நிற்பது யார் என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

அப்புறம் தராசுமுள் சொன்ன சட்டத்தைப் பற்றி. போதையை எதை வைத்து நிரூபிப்பீர்கள்? ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வீதம் (100 மில்லி ரத்தத்துக்கு) இறங்கிக்கொண்டே இருக்கும். அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர் ரத்தத்தில் 180 இருக்கும், ஓடிப்போய்ப் படுத்துத் தூங்கி மறுநாள் மத்தியானம் வக்கீலோடு வந்து சரணடைந்தவர் ரத்தத்தில் ஒன்றுமே இருக்காது. அளவை மட்டும் நம்பித் தண்டனையைக் கூட்டினால், உதவி செய்ய நின்றவருக்கு அதிகம், ஓடினவருக்குக் குறைவு என்று ஆகிவிடாதா?

---

பெயர் வேண்டாம் எழுதியது:

டாக்டரம்மா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எழுதத் தோன்றியது.

என் வீட்டுக்காரர் குடித்தால்தான் அடிப்பார். எல்லோரும் எனக்குச் சொன்னது, குடிதான் அடிக்கிறது, அவர் இல்லை என்று. என் அம்மாவே சொன்னார். நானும் அப்படியே நம்பினேன். ஆனால் குடித்துவிட்டு வரும் நாளில் அவர் முதலில் கதவைத் தாழ்போடுவார். அப்புறம் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அதற்குப் பிறகுதான் கையை ஓங்குவார். முகத்தில் அடிக்க மாட்டார், முதுகிலும் தொடையிலும்தான், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து. அதே போதையில் அவருடைய முதலாளி போன் செய்தால் "சொல்லுங்க சார்" என்று குரலே மாறிவிடும், பேசி முடிக்கும் வரை அடி நிற்கும். நிதானம் இல்லாத மனிதருக்கு ரிமோட் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இப்போது தனியாக இருக்கிறேன், வழக்கு நடக்கிறது. அவரை இருபது வருடம் உள்ளே போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் மறுபடி குடித்துவிட்டு என் வாசலில் வந்து நிற்கக் கூடாது. அதற்கு நீதிமன்றத்தில் ஏதாவது வழி இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நன்னடத்தை எழுதியது:

சகோதரி, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. சிறைக்குப் பதில் நிபந்தனையோடு வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலராகப் பல வருடம் இருந்தவன் நான்.

தண்டனை என்றால் எத்தனை வருடம் என்றே எல்லோரும் பேசுகிறோம். ஆனால் போதையில் இருப்பவர் வருடக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை. எட்டு வருடமோ பதினெட்டு வருடமோ அந்த நேரத்தில் அவர் மண்டையில் ஏறாது, மது அருந்தியவரின் கவனம் கண் முன்னால் இருக்கும் ஒன்றில் மட்டும் குவிந்து, பின்விளைவு எல்லாம் மங்கிவிடும் என்பது உளவியலில் ரொம்ப நாளாகச் சொல்லப்படுவது. ஆக, பயம் வேலை செய்ய வேண்டிய நேரம் அவர் குடிப்பதற்கு முன்னால்தான்.

இதைப் புரிந்துகொண்டு அமெரிக்காவின் தெற்கு டகோடா மாநிலத்தில் 2005-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டித் திரும்பத் திரும்ப மாட்டியவர்களுக்கு, பிறகு குடும்ப வன்முறை வழக்குகளுக்கும். குடிக்கவே கூடாது என்பது நிபந்தனை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, தினமும் நேரில் வந்து மூச்சுச் சோதனை கொடுக்க வேண்டும். குடித்திருந்தால் வாய்தா கிடையாது, விசாரணைக்கு மூன்று மாதம் காத்திருப்பது கிடையாது, அங்கேயே பிடித்து ஓரிரு நாள் சிறை. தண்டனை சின்னதுதான், ஆனால் தப்பவே முடியாது, உடனே கிடைக்கும். 2013-ல் ராண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, திட்டம் நடந்த மாவட்டங்களில் மீண்டும் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கான கைதுகள் 12 சதவீதமும், குடும்ப வன்முறைக் கைதுகள் 9 சதவீதமும் குறைந்தன. ஒரு மாவட்டம் முழுவதும் சேர்த்துப் பார்க்கும்போது 9 சதவீதம் சின்ன விஷயம் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்போது கணுக்காலில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள், அரை மணிக்கு ஒருமுறை வியர்வையை வைத்து மது இருக்கிறதா என்று பார்க்கும், நீதிமன்றம் 120 நாள் வரை போடலாம். குடிக்கு முற்றிலும் அடிமையானவர்களுக்கு அதைப் போடுவதில்லை, அவர்கள் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, அவர்களுக்கு வேறு சிகிச்சை வழி.

இந்தியாவிலும் இதற்கு இடமே இல்லை என்று நினைக்காதீர்கள். 1958-ன் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4-வது பிரிவில், போதைப்பொருட்களிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் நிபந்தனை போடலாம் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு மட்டும் அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் நிபந்தனையைப் போட்டுவிட்டு அவர் குடிக்கிறாரா இல்லையா என்று பார்க்க யாரும் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். ஒரே அலுவலர் தலையில் எத்தனையோ வழக்குகளைக் கட்டிவிட்டால் அவரால் யார் வாயை மோந்து பார்க்க முடியும்? என் வேலையில் எனக்கு இருந்த பெரிய வருத்தமே அதுதான்.

---

தராசுமுள் எழுதியது:

ஐயா, மூச்சுச் சோதனை எல்லாம் நல்ல விஷயம், சிறு காயம், முதல் புகார் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் போய், உங்கள் மகனைக் கொன்றவர் காலில் பட்டை கட்டியிருக்கிறோம் என்று சொல்வீர்களா? தண்டனை என்பது அடுத்த குற்றத்தைத் தடுக்க மட்டும் இல்லை. நடந்தது அநியாயம் என்று ஊரறியச் சொல்வதும் அதன் வேலைதான். நீங்கள் எல்லோரும் திருத்துவதைப் பற்றியே பேசுகிறீர்கள், போன உயிருக்கு என்ன மதிப்பு என்று யாரும் பேசவில்லை.

---

வெளிச்சம் எழுதியது:

நியாயமான கோபம். உயிர் போன வழக்கில் சிறை வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். பெரிய குற்றத்துக்குப் பெரிய தண்டனைதான், குடித்திருந்தார் என்பதற்காக ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. என் அக்கறை, அந்த உயிர் போவதற்கு முன்னால் வந்த ஐந்தாறு சின்ன வழக்குகளில் என்ன நடந்தது என்பதில். சமாதானம் பேசி அனுப்பினார்கள், சின்ன அபராதம் போட்டார்கள், "இனி குடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அப்படி எழுதிக் கொடுத்த காகிதம் ஒன்று போதும் என்பேன், குடித்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அடுத்த முறை குடித்துவிட்டு அடித்தால் அந்தக் காகிதத்தை எடுத்து வைத்து தண்டனையைக் கூட்ட வேண்டும். இப்போது அது கோப்பில் எங்கேயோ கிடக்கிறது, அடுத்த நீதிபதியின் கைக்கு வருவதே இல்லை.

---

கருப்பு அங்கி எழுதியது:

வெளிச்சம் சொல்லும் யோசனைக்குக் கனடாவில் ஒரு சட்ட வடிவமே இருக்கிறது. அங்கே 1994-ல் உச்ச நீதிமன்றம், தன் உடல் தன் கட்டுப்பாட்டிலேயே இல்லாத அளவுக்குக் கடும் போதை என்றால் அதைக் குற்றச்சாட்டுக்கு எதிர்வாதமாக வைக்கலாம் என்று சொல்ல, மக்கள் கொதித்துப் போய், மறு வருடமே நாடாளுமன்றம் அந்த வழியை அடைத்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையையும் ரத்து செய்தது, காரணம், என்ன ஆகும் என்று எதிர்பார்க்கவே முடியாத ஒருவரையும் அது தண்டித்துவிடும் என்பதால். ஜூன் மாதமே புதிய சட்டம் வந்துவிட்டது. இப்போதைய நிலை இதுதான்: இந்தப் பொருளை இப்படி உட்கொண்டால் கட்டுப்பாடு இழந்து அடுத்தவருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று நியாயமான ஒரு மனிதரால் முன்கூட்டியே ஊகிக்க முடியுமா, முடிந்தும் அவர் அலட்சியமாக இருந்தாரா? இருந்திருந்தால் அந்த வன்முறைக்கு அவரே முழுப் பொறுப்பு. ஜெர்மனியில் இன்னொரு மாதிரி. போதையால் பொறுப்பேற்கும் நிலையிலேயே இல்லாதவரை அடிதடிக்காகத் தண்டிக்க முடியாமல் போனால், அப்படி முழுப் போதைக்குத் தன்னைக் கொண்டுபோனதையே தனிக் குற்றமாக்கி, 323ஏ பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை வைத்திருக்கிறார்கள். இரண்டுமே குடிப்பதற்கு முந்தைய நிமிடத்தைத்தான் பார்க்கின்றன.

பெயர் வேண்டாம் அவர்களுக்கு. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்து உங்கள் வழக்கறிஞர்தான் வழி சொல்ல முடியும், ஆனால் எங்கேயும் உதவும் சில விஷயங்களைச் சொல்கிறேன். கதவைத் தாழ்போட்டது, டிவி சத்தம் வைத்தது, முதலாளி போனுக்குக் குரல் மாறியது, இந்த மூன்றையும் வாக்குமூலத்தில் அப்படியே சொல்லுங்கள். "குடித்துவிட்டு அடித்தார்" என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு போக விடாதீர்கள். போதையில் தெரியாமல் நடந்தது என்ற வாதத்தை உடைக்க அதைவிட வலுவான விவரம் கிடைக்காது. முன்பு கொடுத்த புகார்கள், அவர் எழுதிக் கொடுத்த சமாதானக் கடிதங்கள், மருத்துவமனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் கொடுத்து, தண்டனை பற்றிய விசாரணையில் இவை நீதிபதி முன்னால் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவுக்குத் தனியாக மனு போட முடியும், குற்ற வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அதில் வீட்டுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் வரக் கூடாது என்பதோடு, மது அருந்திய நிலையில் எந்த வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்றும் சேர்த்துக் கேளுங்கள், போனையும் சேர்த்து.

---

பெயர் வேண்டாம் எழுதியது:

ரொம்ப நன்றி சார். வாக்குமூலத்தில் டிவியைப் பற்றிச் சொன்னபோது எழுதுகிறவர், அதெல்லாம் வேண்டாம்மா, அடித்தாரா இல்லையா மட்டும் சொல்லு என்று சொல்லிவிட்டார். இனி அதைச் சேர்க்க முடியுமா?

---

கருப்பு அங்கி எழுதியது:

முடியும். சாட்சிக் கூண்டில் ஏறும்போது சொல்லலாம், ஆனால் அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னால், இதை ஏன் முன்பு சொல்லவில்லை என்று எதிர்த் தரப்பு குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்ளும். அதனால் இப்போதே, விசாரணை அதிகாரிக்குக் கூடுதல் வாக்குமூலம் தர விரும்புவதாக ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முன்பு சொன்னேன், எழுதிக்கொள்ளவில்லை என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். நகலையும் தபால் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.